வண்டிச் சாவியும் ஒன்பதாவது பரிந்துரையும்

கொள்கை ஆய்வாளர் என்று ஓர் இனம் இருக்கிறது. தொலைக்காட்சியில் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமல் கத்துகிறார்களே, அவர்களைச் சொல்லவில்லை. அவர்களுக்காவது சம்பளம் உண்டு. நான் சொல்வது சம்பளமில்லாமல், யாரும் அழைக்காமல், வீட்டிலேயே வளர்கிற வகை. அதிலும் சுகாதாரக் கொள்கை ஆய்வாளர் என்பது தனி உட்பிரிவு. அடையாளம் காண்பது சுலபம். அவர் எதிரில் போய் இரண்டு தடவை இருமிப் பாருங்கள். சாதாரண மனிதராக இருந்தால் வெந்நீர் குடிக்கச் சொல்வார். டாக்டராக இருந்தால் நாக்கை நீட்டச் சொல்வார். இவர் மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "உங்கள் தெருவில் மொத்தம் எத்தனை பேர் இருமுகிறார்கள்?" என்று கேட்பார். உங்களுக்கு மாத்திரை கிடைக்காது. ஆனால் உங்கள் இருமல் ஒரு வரைபடத்தில் ஒரு புள்ளியாக இடம்பெறும்.

இவ்வளவு விவரம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? தினமும் காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடியில் பார்க்கிறேன்.

என் பெயர் அருள்முருகன். காரைக்குடியில் ஒரு கல்லூரியில் வணிகவியல் வாத்தியார். வீடு கோட்டையூரில். சென்ற ஆண்டுவரை நானும் உங்களைப் போல ஒழுங்காகத்தான் இருந்தேன். பத்திரிகை படிப்பேன், அரசாங்கத்தைத் திட்டுவேன், சாப்பிடுவேன், தூங்குவேன். ஒருநாள் இணையத்தில் ஒரு சான்றிதழ் வகுப்பு கண்ணில் பட்டது. "சுகாதாரக் கொள்கையைப் பகுப்பாய்வு செய்தலும், முடிவுகளைத் திறம்பட எடுத்துரைத்தலும்." சனி ஞாயிறுகளில் மட்டும். சேர்ந்துவிட்டேன். முதல் பாதி எனக்கு நன்றாகவே வந்தது. இரண்டாம் பாதி நடந்தபோதெல்லாம் எங்கள் தெருவில் கரண்ட் போயிருக்க வேண்டும் என்பது என் மனைவி ராஜப்ரியாவின் அபிப்பிராயம்.

வகுப்பில் சேர்ந்த சில வாரங்களில் இந்த இனத்துக்கு உரிய குணங்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. முதலில் சொற்கள் வந்தன. மனிதர்கள் மறைந்து 'பங்குதாரர்கள்' ஆனார்கள். ஊர்வம்பு 'களத் தகவல்' ஆயிற்று. "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "இது குறித்துப் போதிய தரவுகள் இல்லை" என்று சொல்லப் பழகினேன். என்ன கம்பீரம் பாருங்கள். பிறகு பார்வை மாறியது. டீக்கடை ஆசைத்தம்பி ஒருநாள் தெரியாத்தனமாக, "சார், சீனி கொஞ்சம் தூக்கலாப் போடவா?" என்று கேட்டுவிட்டார். இனிப்பான பானங்களுக்கு எந்தெந்த நாடுகள் வரி விதித்திருக்கின்றன, அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம், நம் நாட்டில் ஏன் அது சிக்கல் என்று விளக்கினேன். டீ ஆறி ஆடை படர்ந்தது. பின்னால் நின்ற நாலு பேர் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து அவர் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. கொடுப்பதைக் குடித்துவிட்டு வருகிறேன்.

வீட்டில் கேட்கவே வேண்டாம். "ராத்திரிக்கு இட்லியா தோசையா?" என்றாள் ராஜப்ரியா. செலவு, நேரம், ஏற்புடைமை என்று மூன்று அளவுகோல்களில் இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு, "எதையும் செய்யாமல் இருப்பதும் ஒரு கொள்கைத் தேர்வுதான், அதையும் ஒப்பிட வேண்டும்" என்று ஆரம்பித்தேன். அவள் உப்புமா கிண்டிவிட்டாள். வீட்டுத் தலைவன் முடிவெடுக்காத இடத்தில் உப்புமா பிறக்கிறது என்று அன்றைக்கு நான் கண்டுபிடித்தேன். அதைச் சொல்லவும் செய்தேன். மறுநாள் இரவும் உப்புமா.

இப்படி ஊருக்குத் தொந்தரவாக, ஆனால் ஆபத்தில்லாமல் போய்க்கொண்டிருந்த என் வாழ்க்கையில் என் மதினியின் கால்விரல் வந்து சேர்ந்தது.

மதினி பாண்டீஸ்வரி என் அண்ணன் மனைவி. அண்ணன் மலேசியாவில் தச்சு வேலை. மதினி கல்லலுக்கு உள்ளே தள்ளி ஒரு சிற்றூரில், நாலு ஆடுகளோடும் ஒரு கைப்பேசியோடும் தனியாக இருக்கிறார். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு நான் செய்தது போதும். மதினிக்குச் சர்க்கரை. இடது கால்விரலில் ஒரு புண் வந்து, ஆறுவது போல் காட்டி, ஆறாமல் கிடந்தது. சுகாதார நிலையத்து டாக்டர் அம்மா பொறுமையாகத்தான் சொல்லியிருக்கிறார்: வெறும் வயிற்றில் சர்க்கரை எவ்வளவு என்று தெரியாமல் மருந்தை மாற்ற முடியாது, தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் விரலை எடுக்க வேண்டி வரலாம்.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் மகிழ்ந்தேன். ஆம், மகிழ்ந்தேன். வகுப்பில் இறுதித் திட்ட ஆய்வுக்குத் தலைப்பு கொடுக்கச் சொல்லியிருந்தார்கள், எனக்கோ ஒன்றும் அகப்படாமல் இருந்தது. மதினியின் விரலில் எனக்குத் தலைப்பு கிடைத்தது. இந்த இனத்தைப் பற்றி இதைவிட மோசமாக நான் எதுவும் சொல்லிவிட முடியாது.

களப் பணிக்குக் கிளம்பினேன். விடிந்ததும் கோட்டையூரிலிருந்து என் இருசக்கர வண்டியில் போய் மதினி வீட்டு வாசலில் இறங்கினேன். வண்டியைப் பூட்டினேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு மதினியோடு நடந்துபோய் நிறுத்தத்தில் மினி பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். மக்கள் படும் பாட்டை மக்களோடு மக்களாக அனுபவிக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நிறுத்தத்தில் மதினியைப் போலவே வெறும் வயிற்றோடு ஏழெட்டுப் பெண்கள். மினி பஸ் பத்து மணி தாண்டி வந்தது. சுகாதார நிலையத்தில் எடுக்கிற ரத்தத்தை வெளியூர்ச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோகிற வண்டி பத்து மணிக்கே கிளம்பிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். அந்த வண்டி மீதும் தப்பில்லை, இந்த பஸ் மீதும் தப்பில்லை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததேயில்லை. பெண்கள் பழகிப்போனவர்களாக மர நிழலில் உட்கார்ந்து, கொண்டுவந்த தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டுவிட்டு, பழைய மாத்திரையையே வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த தடவை பாதிப் பேர் வர மாட்டார்கள். அரசாங்கக் கணக்கில் அவர்கள் 'சிகிச்சையைத் தொடராதவர்கள்'.

ஆக, பகுப்பாய்வு ஒரே காலையில் முடிந்துவிட்டது. அதோடு நான் வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

திரும்பி வந்ததும், வாசலில் நின்ற என் வண்டியைப் பார்த்துவிட்டு மதினி கேட்டார். "கொழுந்தனாரே, அடுத்த வாரம் வெள்ளனா வந்து என்னைய இந்த வண்டியில ஏத்திக்கிட்டுப் போயி அங்குட்டு விட்டுருங்களேன். கோட்டையூர்ல இருந்து வர எம்புட்டு நேரம் ஆகிறப் போகுது?"

"அது தனிநபர் தீர்வு மதினி" என்றேன்.

"அப்படின்னா?"

"உங்க ஒருத்தரை வண்டியில கொண்டுபோயி விட்டா உங்க ஒருத்தருக்குத்தான் தீரும். பிரச்சினை வெளிய தெரியாம அமுங்கிப் போயிரும். அமைப்பு மாறணும்."

"அது மாறட்டும், நான் வேணாம்னா சொன்னேன்? அது மாறுற வரைக்கும் என் காலு பொறுத்துக்கிருமா?"

என்ன அருமையான கேள்வி! அன்று மாலையே அதை மூன்றாம் அத்தியாயத்துக்குத் தலைப்பாக வைத்துவிட்டேன். வண்டியை மட்டும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் எழுதினேன். எப்படி எழுதினேன் என்கிறீர்கள்! உலகில் சர்க்கரை நோயின் வரலாறு, இந்தியாவில் அதன் பரவல், ஆரம்ப சுகாதாரம் என்னும் கருத்தாக்கம், கிராமப்புறப் போக்குவரத்தின் சமூகவியல், பங்குதாரர் வரைபடம், அந்த வரைபடத்துக்கு ஒரு விளக்கம், அந்த விளக்கத்துக்கு ஒரு அடிக்குறிப்பு. பரிந்துரைகளைப் பொதுவானதில் தொடங்கிக் குறிப்பானதில் முடிக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். அதனால் முதல் பரிந்துரை 'விழிப்புணர்வை மேம்படுத்துதல்' என்று அமைந்தது. மினி பஸ் ஒன்பதாவதாக நின்றது. அதையும் சும்மா சொல்லவில்லை. 'நோய் கண்டறியும் சேவைகளுக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் இடையிலான காலமுரணைக் களைதல்' என்று சொல்லியிருந்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே மெய்சிலிர்த்தது. அச்சடித்து, சுருள் கம்பி போட்டு, மினி பஸ் உரிமையாளர் ஜெகபர் சாதிக் வரை எல்லாருக்கும் அனுப்பிவைத்தேன். யாரிடமிருந்தும் பதில் இல்லை. ஆழமாகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

கிராம சபை வந்தது. சுகாதாரத் துறையிலிருந்து ஓர் அதிகாரி அம்மா வரப்போகிறார் என்றதும் ஊராட்சித் தலைவர் மருதுபாண்டியிடம் பேச அனுமதி வாங்கினேன். "சார், மூணு நிமிசம்தான். அவுக அடுத்த ஊருக்குப் போகணும்" என்றார். மூன்று நிமிடம் போதாதா? ஒரு வரிக்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

மதினியும் அந்தப் பஸ் நிறுத்தத்துப் பெண்களும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். "நான் எந்திரிச்சு ரெண்டு வார்த்தை சொல்லிரட்டா?" என்று மதினி மெல்லக் கேட்டார். நான் தடுத்துவிட்டேன். "நீங்க சொன்னா அது உங்க சொந்தக் கதையாப் போயிரும் மதினி. தரவு பேசட்டும்."

தரவு பேசியது. பட்டப்பகலில், சுற்றிலும் திறந்த கொட்டகையில், புரொஜெக்டர் போட்டேன். சுவரில் வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தெரியாத படத்தைச் சுட்டுக்கோலால் தொட்டுத் தொட்டு விளக்கினேன். "உடல்நலம் என்பது நோயில்லாத நிலை மட்டுமன்று" என்று ஆரம்பித்ததாக ஞாபகம். அதிகாரி அம்மா நல்லவர். குறிப்பெழுதப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "சார், உங்க கோரிக்கை என்ன?" என்று கேட்டார். அந்த நொடியில் கடவுளே இறங்கிவந்து என் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்த மாதிரி இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னணியைப் பார்த்துவிடலாம்."

பின்னணியைப் பார்த்தோம். பார்த்துக்கொண்டே இருந்தோம். டீயும் மிக்சரும் வந்தன. மருதுபாண்டி மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். நான் முதல் பரிந்துரையை வாசித்து முடித்தபோது அதிகாரி அம்மா எழுந்து, "சார் சொன்ன விழிப்புணர்வு ரொம்ப முக்கியம். ஊர்ல உடனே ஒரு போர்டு வைங்க" என்று மனதாரப் பாராட்டிவிட்டு வண்டியேறினார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மதினி மட்டும் தட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு தன் கால்விரலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, புரொஜெக்டர் வயரைச் சுருட்டுவதில் மும்முரமானேன்.

அரசாங்கம் மெதுவாக நகரும் என்று யார் சொன்னது? போர்டு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. 'சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வாரீர்!' என்று கொட்டை எழுத்தில். கீழே சிறிதாக, 'ஆலோசனை: பேராசிரியர் அருள்முருகன்.' எல்லாரும் பார்க்கிற இடமாக இருக்க வேண்டுமே என்று மினி பஸ் நிறுத்தத்தில் நட்டிருந்தார்கள். நான் போய் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து வகுப்புக் குழுவில் போட்டேன். நிறையப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

மதினிக்குப் போன் போட்டு, "பார்த்தீங்களா மதினி?" என்றேன்.

"பார்க்காம? போர்டுல உங்க பேரு எடுப்பாத்தான் இருக்கு கொழுந்தனாரே. பஸ்ஸு வர்ற வரைக்கும் அதைத்தான் வெறும் வயித்தோட படிச்சுக்கிட்டு நிக்கிறோம்."

அடுத்த பரிசோதனை நாளில் அந்தப் போர்டின் காலைப் பிடித்துக்கொண்டு மதினி கண் இருண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற பொன்னுத்தாயி தண்ணீர் தெளித்து, வாயில் சீனியைப் போட்டு, எங்கள் வீட்டுக்குப் போன் செய்தார். எனக்கு அல்ல, ராஜப்ரியாவுக்கு. "அவுகளுக்குப் போட்டா ஏதாச்சும் கேப்பாக" என்றாராம்.

நான் அப்போது ஒரு படத்துக்கு நீலம் நல்லதா பச்சை நல்லதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ராஜப்ரியா ஆணியில் தொங்கிய என் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று இரவு மதினி வீட்டிலேயே தங்கினாள். மறுநாள் பரிசோதனை நாள் இல்லாவிட்டாலும் டாக்டர் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, ரத்தம் கொண்டுபோகிற வண்டி காலையில் கிளம்புவதற்குள் மதினியை ரத்தம் கொடுக்க வைத்து, கையோடு இட்லி வாங்கிக் கொடுத்து, வீட்டில் கொண்டுபோய் விட்டு வந்தாள். சோதனை முடிவு வந்தது. டாக்டர் அம்மா அதைப் பார்த்ததும் மருந்தை மாற்றி, புண்ணைக் காட்ட மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கும் எழுதிக் கொடுத்தார். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா விரல் போயிருக்கும்" என்று சொல்லியிருக்கிறார்.

ராஜப்ரியா சாவியை ஆணியில் மாட்டிவிட்டு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தனிநபர் தீர்வுன்னா என்ன, பெட்ரோலா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. நகைச்சுவைக் கட்டுரையில் இதை எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனாலும் வெட்கமாகத்தான் இருந்தது. அதற்காகத் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். வெட்கத்தைப் பற்றிய ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று தேடிப் பார்த்தேன்.

பஸ் விவகாரம் அப்படியே நின்றது. ராஜப்ரியாவிடம் இருப்பது ஒரு வண்டி. நிறுத்தத்தில் இருப்பது ஏழெட்டுப் பெண்கள். அமைப்பு மாறத்தான் வேண்டும் என்று நான் சொன்னது பொய்யில்லை. சொல்லத்தான் தெரியவில்லை.

அதைக் கற்றுக்கொடுத்தது ஒரு கல்யாணப் பந்தி. என்னோடு வேலை பார்க்கும் ஸ்ரீநிவாசன் மகளுக்குக் காரைக்குடியில் கல்யாணம். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் காலைப் பலகாரத்துக்கு உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இலையில் முதல் பணியாரம் விழும்போதே அடுத்த பந்திக்காரர் வந்து உங்கள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொள்வார். உங்கள் பிடரியில் அவர் மூச்சு படும். நீங்கள் வெள்ளைப் பணியாரத்தைச் சட்னியில் தோய்த்தால் அவர் பெருமூச்சு விடுவார். உளுந்தும் வெல்லமும் சேர்த்துக் கிண்டிய கும்மாயத்தை இரண்டாம் தடவை கேட்டால் இருமுவார். அங்கே நீட்டி முழக்க முடியாது.

அப்படி ஒருவர் என் பிடரியில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கையில், பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் மினி பஸ் ஜெகபர் சாதிக். அறிக்கை கையில் இல்லை. படங்கள் இல்லை. வாயில் கும்மாயம். பின்னால் ஆள். அவர் பின்னாலும் ஆள்.

"பாய்" என்றேன், பாதியை விழுங்கிவிட்டு. "வியாழக்கெழமை சர்க்கரை பாக்க வர்ற பொம்பளைக எல்லாம் பட்டினியா நிக்கிறாக. உங்க பஸ்ஸு பத்துக்கு மேல வருது, ரத்தம் எடுத்துட்டுப் போற வண்டி பத்துக்கே போயிருது. அன்னைக்கு மட்டும் எட்டு மணிக்கு ஊருக்குள்ள வர முடியுமா?"

ஜெகபர் சாதிக் பணியாரத்தைப் பிட்டபடியே யோசித்தார். "எட்டு மணி வண்டி மெயின் ரோட்டோட பள்ளிக்கூடத்துக்குப் போகுது. உள்ள வந்துட்டுப் போனா கொஞ்சம் சுத்து, அம்புட்டுத்தான். பெர்மிட்டுக்கு எழுதிக் கேட்டுருவோம். எங்க மாமியாவும் சர்க்கரைக்காரவுகதான் சார்." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "ஏன் சார், சுருள் கம்பி போட்டு ஒரு புஸ்தகம் அனுப்பியிருந்தீகளே, அதுல இதுதானா இருந்துச்சு?"

"ஒன்பதாவது பரிந்துரை" என்றேன்.

"நான் ஏதோ நம்ம பஸ்ஸு மேல கேஸு போட்ருக்கீகன்னு பயந்துபோயி வக்கீல்கிட்ட குடுத்து வச்சிருக்கேன். அவரு இன்னும் முடிக்கலை."

பின்னால் நின்றவர் இருமினார். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். அவர் தெருவில் மொத்தம் எத்தனை பேர் இருமுகிறார்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அதை ஒரு முன்னேற்றமாக நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

அனுமதி கிடைத்து, வியாழக்கிழமைகளில் எட்டு மணி வண்டி இப்போது ஊருக்குள் வந்து போகிறது. போர்டு நிழல் தருகிறது. மதினியின் விரல் அதன் இடத்தில் இருக்கிறது. புண் ஆறி, தழும்பு மட்டும். பயனாளிகளின் கருத்தறிய ஒருநாள் போனேன்.

"எப்படி மதினி மாற்றத்தை உணர்றீங்க?"

"நல்லா இருக்கு கொழுந்தனாரே. உக்காருங்க, டீ போடுறேன். ஆனா எதையும் வெளக்காதீக."

நான் திருந்தியிருப்பேன் என்று நம்பும் நல்ல மனசுக்காரர்கள் இத்தோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: 'கொள்கைத் தொடர்பாடலில் பந்தி முறை: ஒரு செட்டிநாட்டு அனுபவம்' என்று ஒரு விளக்கக்காட்சி தயாராகிக்கொண்டிருக்கிறது. சுருக்கமாகப் பேசுவதன் அவசியத்தைப் பற்றியது. இரண்டு அமர்வுகளில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். இடையில் டீ உண்டு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கொஞ்ச நேரமாக உங்கள் மனதில் ஒன்று ஓடுகிறதே, 'இது ஒரு ஊரின் பிரச்சினை அல்ல, இதன் வேர்கள் ஆழமானவை' என்று, அதை நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இந்தக் கட்டுரையை யாருக்காவது அனுப்பும்போது மேலே நாலு வரி முன்னுரை சேர்க்க வேண்டும் என்று விரல் துடிக்கிறதா? வாருங்கள், நம் இனத்தில் இடமிருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு வேலை. உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் காலையிலிருந்து எங்கேயோ போக வேண்டியிருந்து, கேட்கத் தயங்கி, உங்கள் முகத்தையும் ஆணியில் தொங்கும் சாவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். சாவியை எடுங்கள். பேச வேண்டியதையெல்லாம் வண்டி ஓட்டிக்கொண்டே பேசலாம். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் காற்றில் ஒன்றும் கேட்காது.